பார்த்துவிட்டுத் திரும்புவோம்!

*லிஸ்பன், பரிஸ், பிரசல்ஸ், அம்ஸ்டர்டாம்: மட்டக்களப்பிலிருந்து ஒரு குழு சிக்கனமாகப் போய்வர என்ன வேண்டும்?*

இரவு எட்டரை மணி. மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ் புறப்படத் தயாராக நிற்கிறது. வாவிப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசுகிறது. பதினான்கு பேர், பதினான்கு பிளாஸ்டிக் கோப்புறைகள். ஒவ்வொன்றிலும் கடவுச்சீட்டு, வங்கிக் கூற்று, ஓய்வூதியக் கடிதம், இரண்டு புகைப்படம். பெரும்பாலானோர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். மறுநாள் காலை கொழும்பில் ஐரோப்பிய விசாவுக்குக் கைரேகை கொடுக்கப் போகிறார்கள்.

வழியனுப்ப வந்த மூதாட்டி ஒருவர் மகளின் கையை விடாமல் பிடித்திருக்கிறார். மகளுக்கே அறுபத்தொரு வயது.

"போனா வந்திருவதானே புள்ள?"

"ஓம்மா. கைரேகை வைக்கத்தானே போறம். நாளைக்கு ராவே வந்திருவன்."

தாய் தலையாட்டினார், ஆனால் கையை விடவில்லை. அவர் கேட்டது கொழும்பைப் பற்றி அல்ல என்பது பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் புரிந்தது. கடவுச்சீட்டோடு இந்த இரவு பஸ்ஸில் ஏறியவர்களை நாற்பது ஆண்டுகளாக வழியனுப்பிய ஊர் இது. அவர்களில் பலர் சுவிஸிலும் பிரான்சிலும் ஜேர்மனியிலும் லண்டனிலும் வாழ்கிறார்கள். 'வெளிநாடு' என்றால் இந்த வாவிக்கரை வீடுகளில் 'போய்விடுவது' என்றுதான் பொருள். சும்மா பார்க்கப் போகிறோம், பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்ல முடிவது இப்போதுதான்.

அந்தப் புதிய வாக்கியத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

ஏன் இப்போது?

இன்று அறுபதைத் தாண்டியவர்களின் இளமையைப் போர் எடுத்துக்கொண்டது. 2004 டிசம்பரில் கல்லடியிலும் நாவலடியிலும் டச்பாரிலும் கடல் ஏறியது. 2009இல் போர் முடிந்து, மெல்ல நிமிர்ந்து சேமிக்கத் தொடங்கிய வேளையில் 2022 வந்தது. ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. சேமிப்பின் பெறுமதி ஏறத்தாழப் பாதியானது.

அதையும் கடந்து, பிள்ளைகளைக் கரைசேர்த்தவர்கள் இப்போது மெதுவாகக் கேட்கிறார்கள்: "நாங்களும் ஒருக்கா பார்த்தா என்ன?" இது ஆடம்பர ஆசை அல்ல. நாற்பது ஆண்டுகள் வகுப்பறைச் சுவரில் ஐரோப்பாவின் வரைபடத்தைத் தொங்கவிட்டுப் பாடம் நடத்திய ஒருவர், அந்த வரைபடத்துக்குள் ஒரு தடவை நடந்து பார்க்க நினைக்கிறார். அந்த நினைப்புக்கு மரியாதை கொடுக்க வேண்டும். மரியாதை கொடுப்பதென்றால் திட்டத்தைச் சரியாகப் போட வேண்டும்.

நம்மை ஆண்ட நகரங்களுக்கு ஒரு பாதை

பயண முகவர்கள் விற்கும் சுற்றுலாக்கள் பெரும்பாலும் 'பத்து நாளில் ஏழு நாடு' வகை. பாதிப் பொழுது பஸ்ஸில் கழியும். கோபுரத்தின் முன் இருபது நிமிடம், ஒரு படம், மறுபடி பஸ். மட்டக்களப்பார் அந்தப் பட்டியலைப் பின்பற்ற வேண்டியதில்லை. நமக்கென்று ஒரு பாதை உண்டு.

மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள். 1638 மே மாதத்தில் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. பின்னர் பிரித்தானியர் வந்தார்கள். ஒல்லாந்துக் கடலோடி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602இல் முதலில் வந்திறங்கியதும் நம் கரையில்தான். இங்கிருந்துதான் கண்டி மன்னனைக் காணப் போனார். ஆக லிஸ்பன், அம்ஸ்டர்டாம், லண்டன் மூன்றும் இந்த வாவிக்கரையின் தலைவிதியை எழுதிய நகரங்கள். அவற்றைப் போய்ப் பார்ப்பவர் தன் ஊரின் வரலாற்றைத்தான் மறுமுனையிலிருந்து வாசிக்கிறார்.

லிஸ்பனின் பெலெம் பகுதியில் ஜெரோனிமோஸ் மடாலயத்துக்குள் வாஸ்கோடகாமாவின் கல்லறை இருக்கிறது. எதிரே ஆற்றங்கரை. கப்பல்கள் புறப்பட்ட அந்தக் கரையில் நிற்கக் கட்டணம் இல்லை. அம்ஸ்டர்டாமில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமையகமாக இருந்த கட்டடம் இன்று பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. கடல்சார் அருங்காட்சியகத்தின் முன்னே அந்தக் காலக் கப்பல் ஒன்றின் முழு அளவு மாதிரி மிதக்கிறது. கோட்டை மதிலோரம் நடந்து பழகியவருக்கு அந்தக் கப்பலின் தளத்தில் நிற்பது வேறோர் அனுபவமாக இருக்கும்.

┃ பெட்டி 1: நம் வீட்டுக்குள் இருக்கும் ஐரோப்பா

• அலுமாரி, சப்பாத்து, யன்னல், மேசை: எல்லாம் போர்த்துக்கேயம் தந்த சொற்கள். லிஸ்பனில் சப்பாத்துக் கடையின் பெயர்ப்பலகையை வாசித்தால் பாதி புரியும்.

• கந்தோர்: ஒல்லாந்தச் சொல். அம்ஸ்டர்டாமில் இன்றும் அலுவலகத்துக்கு இதே சொல்தான்.

• மட்டக்களப்புப் பறங்கியர் சிலரின் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இன்னும் பேசப்படுகிறது. லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கு வந்து அதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

• 1765இல் கண்டி அரண்மனையிலிருந்து ஒல்லாந்தர் கொண்டுபோன லெவ்கே பீரங்கி உள்ளிட்ட ஆறு பொருட்களை நெதர்லாந்து 2023இல் இலங்கையிடம் திருப்பிக் கொடுத்தது. அம்ஸ்டர்டாமின் றைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்த பீரங்கி இப்போது கொழும்பில்.

• திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் கிடைத்த, பொன்முலாம் பூசிய தாரா தேவியின் வெண்கலச் சிலை லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1830இல் அங்கு சேர்ந்தது. நுழைவு இலவசம்.

பதினொரு இரவுகள், நான்கு தலைநகரங்கள்

லண்டனுக்குத் தனி விசா வேண்டும். தனிக் கட்டணம், தனிக் கோப்புறை. முதல் பயணத்தில் அதைத் தவிர்த்து ஷெங்கன் வலயத்துக்குள் நிற்பதே சிக்கனம். ஒரே விசாவில் 29 நாடுகள் திறந்திருக்கின்றன. நாங்கள் போட்டுப் பார்த்த பாதை இது: லிஸ்பனில் 3 இரவு, பரிஸில் 4, பிரசல்ஸில் 1, அம்ஸ்டர்டாமில் 3.

விமான டிக்கெட் எடுக்கும்போதே லிஸ்பனில் இறங்கி அம்ஸ்டர்டாமிலிருந்து திரும்பும்படி கேட்க வேண்டும். போன நகரத்துக்கே திரும்பிவந்து விமானம் ஏறுவது ஒரு நாளையும் ஒரு பயணச்செலவையும் வீணாக்கும். லிஸ்பனிலிருந்து பரிஸுக்கு மலிவு விமானம். பரிஸிலிருந்து பிரசல்ஸ், அங்கிருந்து அம்ஸ்டர்டாம் எல்லாம் பஸ்ஸில். முன்கூட்டிப் பதிந்தால் பஸ் கட்டணம் ரயிலைவிட வெகு குறைவு.

மலிவு விமானத்தில் இரண்டு விடயம் கவனிக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் வைக்கும் சிறு பைக்கு மேல் எதற்கும் கட்டணம். அடுத்தது, எந்த விமான நிலையம் என்பது. 'பரிஸ்' என்று விற்கப்படும் போவே விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 85 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை அந்த 85 கிலோமீற்றர் விழுங்கிவிடும்.

காலமும் பணம்தான். ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பாவே விடுமுறையில் இருக்கும். அறை வாடகை உச்சத்தில் நிற்கும். ஓய்வுபெற்றவர்களுக்கு மே மாதமும் செப்டெம்பர் நடுப்பகுதிக்குப் பிந்திய வாரங்களும் உகந்தவை. குளிரும் தாங்கும், இங்கே மாரியும் தொடங்கியிராது. பணியில் உள்ள ஆசிரியர்களுக்கு ஆகஸ்ட் விடுமுறைதான் வாய்க்கும் என்றால் செலவைக் கூட்டிப் போட்டே கணக்கெழுத வேண்டும். வெளிநாடு செல்ல விடுப்பு அனுமதியையும் காலத்தோடு பெற வேண்டும்.

┃ பெட்டி 2: ஒருவருக்கான கணக்கு *(1 யூரோ = 350 ரூபா என்று வைத்து)*

• விசாக் கட்டணம்: 90 யூரோ

• தங்குமிடம், 11 இரவு × 40: 440 யூரோ

• சாப்பாடு, 12 நாள் × 25: 300 யூரோ

• நகரம் விட்டு நகரம்: 200 யூரோ

• நகருக்குள் பயணம், 12 நாள் × 8: 96 யூரோ

• நுழைவுக் கட்டணங்கள்: 80 யூரோ

• கூட்டினால் 1,206 யூரோ: 4,22,100 ரூபா

• விமான டிக்கெட்: 3,00,000 ரூபா

• காப்புறுதி, விசா நிலையச் சேவைக் கட்டணம், கொழும்புப் பயணம்: 40,000 ரூபா

• அவசரக் கையிருப்பு: 75,000 ரூபா

• மொத்தம்: 8,37,100 ரூபா

'சிக்கனம்' என்ற சொல்லை நேர்மையாகச் சொல்வோம்

எட்டு இலட்சத்துக்கு மேல். சிறிய தொகை அல்ல. இரண்டு ஆண்டில் சேர்க்க மாதம் 35,000 ரூபா வேண்டும். மூன்று ஆண்டென்றால் 23,000க்குச் சற்று மேல். கடன் வாங்கிப் போகக்கூடாத பயணம் இது. நகை அடகு வைத்துப் போகக்கூடாத பயணம். மூன்று ஆண்டு பொறுத்துச் சேர்க்கக்கூடியவருக்கே இந்தக் கணக்கு பொருந்தும். முடியாதவர் குறுகிய பாதையைத் தேர்ந்தெடுக்கலாம்: இரண்டே நகரம், ஏழு நாள்.

குறைக்கக்கூடிய இடங்கள் இருக்கின்றன. குழுவாகப் போவதன் உண்மையான இலாபம் சமையலறையில். நான்கு பேருக்கு ஒரு சிறு வீடு எடுத்து, காலையும் இரவும் சமைத்துக்கொண்டால் சாப்பாட்டுச் செலவு நாளுக்கு 25 யூரோவிலிருந்து 15க்கு இறங்கும். ஒருவருக்கு 42,000 ரூபா மிச்சம். அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் எல்லாம் பரிஸின் லாச்சப்பல் கடைத்தெருவில் கிடைக்கும். அங்கே இடியப்பமும் கொத்துறொட்டியும் உண்டு. ஹலால் உணவுக்கும் இந்த நான்கு நகரங்களிலும் அலைய வேண்டியதில்லை. பொதுவாகப் பத்துப் பேருக்கு மேற்பட்ட குழுக்களுக்கு விமான நிறுவனங்கள் தனியாகக் கட்டணம் சொல்லும். அதையும் தனித்தனி டிக்கெட் விலையையும் ஒப்பிட்ட பிறகே வாங்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகளும் உண்டு. லிஸ்பனில் தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் தலைக்கு 4 யூரோ சுற்றுலா வரி. அம்ஸ்டர்டாமில் அறை வாடகையில் 12.5 வீதம். பரிஸ் லூவர் அருங்காட்சியகம் ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 2026 ஜனவரியிலிருந்து 32 யூரோ. அதே பரிஸில் கார்னவாலே அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை. வங்கி அட்டையில் பணம் எடுக்கும்போது இயந்திரம் 'ரூபாவிலா, யூரோவிலா' என்று கேட்டால் யூரோவைத் தெரிவு செய்யுங்கள். ரூபா என்று சொன்னால் அந்த இயந்திரம் வைக்கும் மாற்று விகிதத்தில் இழப்பு உங்களுக்கே.

விசா: உண்மைதான் மலிவானது

எல்லோரும் பயப்படும் கட்டம் இது. பயத்தில்தான் முகவர்கள் பிழைக்கிறார்கள். "விசா நிச்சயம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். முடிவு தூதரகத்துடையது. அதை விற்க எவருக்கும் உரிமை இல்லை.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நம் பாதையில் பரிஸ் நான்கு இரவு. ஆகவே விண்ணப்பம் பிரான்சுக்கு. வேறு நாட்டில் 'லேசாகக் கிடைக்கும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தங்காத ஊரில் தங்குவதாக எழுதுவது முதல் பொய். அந்தப் பொய்யைக் காக்க இரண்டாவது பொய் வேண்டிவரும்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது வங்கிக் கூற்றில். கடைசி வாரத்தில் எங்கிருந்தோ பத்து இலட்சம் வந்து விழுந்த கணக்கைப் பார்க்கும் அதிகாரிக்குச் சந்தேகம் வருவது இயல்பு. சீட்டுப் பிடித்துச் சேர்க்க நினைக்கும் குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் பெயரில் எல்லோர் பணமும் குவிந்திருந்தால் மற்றவர்களின் கணக்கு வெறுமையாகத் தெரியும். ஒவ்வொருவரும் தன் கணக்கில் மாதாமாதம் சேர்க்கட்டும். பொதுச் செலவுக்கான சிறு தொகை மட்டும் மூவர் கையொப்பமிடும் கூட்டுக் கணக்குக்குப் போகட்டும். மாதாமாதம் ஒரே அளவில் வந்து சேர்ந்த ஓய்வூதியம், எந்த முகவரின் கடிதத்தையும்விட வலிமையான சாட்சி.

┃ பெட்டி 3: ஷெங்கன் விதிகள் சுருக்கமாக

• விண்ணப்பம்: பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்பிருந்து, குறைந்தது 15 நாளுக்கு முன்பு வரை.

• முடிவு: வழமையாக 15 நாள், 45 நாள் வரை நீளலாம்.

• கட்டணம்: 90 யூரோ. 6 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 45. மறுக்கப்பட்டாலும் திரும்பக் கிடைக்காது.

• மருத்துவக் காப்புறுதி: குறைந்தது 30,000 யூரோவுக்கு.

• கடவுச்சீட்டு: 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டது, திரும்பும் நாளிலிருந்து மேலும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம்.

• தங்கக்கூடியது: எந்த 180 நாளிலும் அதிகபட்சம் 90 நாள். விசாவில் குறைவாக எழுதியிருந்தால் அதுவே எல்லை.

உறவுகளின் வீட்டு வாசலில்

"அங்கதான் தம்பி இருக்கான், தங்குறதுக்கு என்ன செலவு?" என்று பலர் கேட்கிறார்கள். 11 இரவுக் கூலி மிச்சமானால் ஒருவருக்கு 1,54,000 ரூபா குறையும். உண்மைதான். ஆனால் பரிஸில் நம் உறவுகள் பலர் இரண்டு அறை வீட்டில் வாழ்கிறார்கள். இரவு வேலைக்குப் போய் விடிய வந்து படுப்பவர்கள் இருக்கிறார்கள். பதினான்கு பேர் அந்த வாசலில் போய் நின்றால், தம்பி 'வரவேண்டாம்' என்று சொல்லமாட்டான். சொல்லாமல் ஒரு மாதச் சம்பளத்தை நமக்காகச் செலவழிப்பான்.

உறவு வீட்டில் தங்குவதென்றால் அவர் தன் நகரசபையில் வரவேற்புச் சான்று எடுக்க வேண்டும். அதற்கும் அலைச்சல் உண்டு. நல்ல வழி: தங்குமிடம் குழுவின் செலவில், ஒரு நாள் மாலை மட்டும் ஒவ்வொருவரும் தம் உறவுகளோடு. ஊரிலிருந்து அரிசிமாவும் கருவாடும் கொண்டுபோகத் துடிப்பவர்கள் சுங்க விதியையும் பார்க்க வேண்டும். இறைச்சியும் பால் பொருட்களும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகத் தடை.

கதிர்காமப் பாதை கற்றுத்தந்த ஒழுங்கு

குழுப் பயணம் நமக்குப் புதிதல்ல. செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக இறங்கிவரும் கதிர்காமப் பாதயாத்திரை மட்டக்களப்பைக் கடந்துதான் காட்டுப்பாதைக்குள் நுழைகிறது. நம்மூர் அடியார்கள் அதில் சேர்ந்து நடக்கிறார்கள். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் உம்ராக் குழுக்களாகப் போய்வந்த அனுபவம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஒருவர் முன்னே நடப்பது, ஒருவர் கடைசியில் வருவது, எல்லோருக்கும் ஒரு வேலை, பொதுச் சமையல், பொதுக் கணக்கு: இந்த ஒழுங்கைச் சுற்றுலா நிறுவனங்கள் விலைக்கு விற்கின்றன. நமக்கு அது கைவசம் உள்ள அறிவு.

அதை அப்படியே எடுத்துப் போகலாம். நான்கு பேருக்கு ஓர் அணி. ஒவ்வோர் அணிக்கும் தலைக்கணக்கு எடுக்க ஒருவர். பொதுப் பணம் ஒருவரிடம். கணக்குப் புத்தகம் வேறொருவரிடம். இரவில் எல்லோர் முன்னும் அன்றைய செலவு வாசிக்கப்பட வேண்டும். முழங்கால் வலியுள்ளவரின் வேகமே குழுவின் வேகம். கருத்து வேறுபட்டால் எப்படி முடிவெடுப்பது என்பதைப் பஸ் ஏறுமுன்பே எழுதி எல்லோரும் கையொப்பமிட வேண்டும். அந்நிய நகரத்தில், களைத்த மாலையில், பசியோடு நின்று பேசித் தீர்க்க முடியாது.

மூன்று மாதத்துக்கு முன்பிருந்தே கல்லடிக் கடற்கரையில் நடந்து பழகுங்கள். லிஸ்பன் ஏற்ற இறக்கம் நிறைந்த நகரம். நீரிழிவு, அழுத்த மருந்துகளைக் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு வையுங்கள். தாலிக்கொடி உட்பட நகைகளை வீட்டிலோ வங்கியிலோ விட்டுச் செல்லுங்கள். லிஸ்பனின் 28ஆம் இலக்க டிராமும் பரிஸ் மெட்ரோவும் பை திருடர்களுக்குப் பேர்போனவை.

ஒருவர் நின்றுவிட்டால்…

சொல்லக் கடினமாயினும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. பதினான்கு பேரில் ஒருவர் பரிஸில் காணாமற்போனால் என்ன ஆகும்?

2025 ஒக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் கணினியில் பதியும் முறை தொடங்கிவிட்டது. உள்ளே வந்த நாளும் வெளியேற வேண்டிய நாளும் அதிலே நிற்கும். விசா விண்ணப்பத் தகவல் ஐந்து ஆண்டு வரை பாதுகாக்கப்படும். ஆனால் கணினி காட்டாத இழப்பு ஒன்று உண்டு. திரும்பி வந்த பதின்மூன்று பேரின் நேர்மையும் அடுத்த விண்ணப்பத்தில் கேள்விக்குள்ளாகலாம். அதே ஊரிலிருந்து அடுத்துப் புறப்படும் குழு அந்தச் சந்தேகத்தையும் சுமக்க நேரும்.

நிற்க நினைப்பவரைத் திட்டி எழுத எனக்கு மனமில்லை. 2022 நவம்பரில் கனடாவுக்கென்று புறப்பட்டு நடுக்கடலில் தத்தளித்த 303 இலங்கையர் மீட்கப்பட்டு வியட்நாமில் கரைசேர்க்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. அவர்களைத் துரத்தியது வறுமையும் அச்சமும். வாழ வழி தேடுவோருக்குத் தனிப் பாதைகள் இருக்கின்றன. அவை நெடியவை, கடினமானவை. ஆயினும் அவற்றை அவற்றின் பெயரிலேயே தேட வேண்டும். பார்க்கப் போகும் குழுவின் முதுகில் அந்தச் சுமையை ஒளித்து வைப்பது, நம்பி வந்த மற்றவர்களுக்குச் செய்யும் அநீதி. குழு சேரும் முதல் நாளிலேயே இதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். தயங்குபவர் அங்கேயே விலகிக்கொள்ளலாம். அதில் வெட்கம் இல்லை.

கணக்குப் புத்தகம் கைமாறட்டும்

திரும்பி வந்தபின் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. எந்தத் தங்குமிடம் நல்லது, எங்கே ஏமாந்தோம், எந்த விமானத்தில் பைக்குக் கட்டணம் கேட்டார்கள், கொண்டுபோன பணத்தில் எவ்வளவு மீதி என்பதையெல்லாம் அந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதி அடுத்த குழுவிடம் கொடுக்க வேண்டும். களுவாஞ்சிக்குடியிலோ வாழைச்சேனையிலோ மாதம் இருபதாயிரம் சேர்த்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவருக்கு, அந்தப் புத்தகம் முகவரின் பளபளப்பான பிரசுரத்தைவிட நூறு மடங்கு உதவும். போய்வந்தவர்கள் கூடக்கூட, போக நினைப்பவர்களின் செலவும் பயமும் குறையும்.

அன்றிரவு பஸ் புறப்பட்டபோது அந்தத் தாய் யன்னலோரம் வந்து நின்றார். மகள் கையசைத்துச் சொன்னது, வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் நாம் சொல்லும் அதே வார்த்தைதான்: "போயிட்டு வாறன்மா."

நாற்பது ஆண்டுகளாக இந்த ஊரில் அந்த வார்த்தையின் பின்பாதி பலமுறை நிறைவேறாமல் போயிருக்கிறது. இம்முறை அதற்கு ஒரு திகதி இருக்கிறது. கோப்புறைக்குள், அம்ஸ்டர்டாமிலிருந்து கொழும்புக்கான பயணப் பதிவில், அச்சிட்ட எழுத்தில்.